மீனவக் குப்பத்திலிருந்து வந்த மே தினம்: ம. சிங்காரவேலர் (1860–1946)

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாயில் முன்பு மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்ததும் முதலில் கேட்பது என்ன? பழவேற்காட்டு இறால் இருக்கிறதா என்றுதான். இருக்கிறது என்றால் இன்னும் நாலு பேர் வந்து நிற்போம். அடுத்ததாக விலையைக் குறைக்கச் சொல்வோம். தலையை ஆய்ந்து, ஓட்டை உரித்துத் தரவும் சொல்வோம். பத்து நிமிடத்தில் இறால் நம் சமையலறைக்குப் போய்விடும். அது ஏரியிலிருந்து கூடை வரைக்கும் எப்படி வந்தது என்று கேட்க நமக்கு நேரமிருப்பதில்லை.

நமது செய்திமடலின் இந்த இதழ் மே தினத்தை ஒட்டி வருகிறது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகவும், பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகவும் அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்கிறேன். அதற்கு முன் அவர் பிறந்த உலகத்தைப் புரிந்துகொள்ள, அதே கடற்கரையில் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்.

பழவேற்காட்டில் உழைப்பின் விலை

பூநாரைகளைப் பார்க்கவும், டச்சுக் கல்லறைகளைப் பார்க்கவும் நம் குடியிருப்பிலிருந்து பலர் பழவேற்காட்டுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. அடுத்த முறை போகும்போது ஏரியில் வேலை செய்பவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் போன்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் பாடு. ஒருவரே நல்ல இடத்தை எப்போதும் பிடித்துக்கொள்ளக் கூடாது, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. சட்டப் புத்தகம் எதுவும் எழுதித் தராத உரிமை அது. உழைப்பவர்களே தங்களுக்குள் பேசி உண்டாக்கிக்கொண்டது.

ஆனால் அந்தப் பாட்டில் எல்லாருக்கும் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருளர் சமூகத்துப் பெண்கள் வலையும் படகும் இல்லாமல், ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் உடம்பை இறக்கி, கைகளால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நகர்வார்கள். நாம் பேரம் பேசி வாங்கும் இறாலில் அவர்கள் பிடித்ததும் இருக்கும்.

இதே பழவேற்காட்டில் உழைப்புக்கு இன்னொரு விதமான விலையும் ஒரு காலத்தில் போடப்பட்டது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். துணி வியாபாரம் ஒருபுறம் நடந்தது. மறுபுறம், 17-ம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பட்டினியால் தவித்த மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பத்தேவியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மனிதனுடைய உழைப்பை மட்டுமல்ல, மனிதனையே விலைக்கு வாங்கிய துறைமுகம் அது.

ஒரே ஊரில் இரண்டும் இருந்திருக்கின்றன. உழைப்பவர்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்ட பாடு ஒன்று. பேச வழியில்லாதவர்களுக்கு மற்றவர் போட்ட விலை இன்னொன்று. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு, மில் தொழிலாளிக்கும் ரயில்வே தொழிலாளிக்கும் அதை எடுத்துச் சொன்னவர்தான் சிங்காரவேலர்.

அயோத்திக்குப்பத்துப் பிள்ளை

மெரினாவை ஒட்டிய அயோத்திக்குப்பத்தில் 1860 பிப்ரவரி 18 அன்று சிங்காரவேலர் பிறந்தார். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை. மீனவக் குடும்பம் என்றாலும் வறுமையில் வாடிய குடும்பம் அல்ல. பர்மாவோடு அரிசி வியாபாரம் செய்து நல்ல நிலைமைக்கு வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிப்பதே அபூர்வம். சிங்காரவேலர் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பிறகு சட்டம் படித்து, 1907-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 47.

கடற்கரைச் சாலையில் சொந்த வீடு, ஆயிரக்கணக்கான புத்தகங்கள் கொண்ட நூலகம், வக்கீல் தொழிலில் வருமானம் என்று எல்லாமே அவரிடம் இருந்தன. அறிவியலிலும் பௌத்தத்திலும் மிகுந்த ஈடுபாடு உண்டு. பௌத்தம் பற்றிய கூட்டங்கள் அவர் வீட்டிலேயே நடந்தன. இப்படியே நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மில்லில் நூல் நூற்றவர் அல்ல, ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவரும் அல்ல. நம்மில் பலரைப் போலப் படித்தவர், வீடு வாசல் உள்ளவர்.

கறுப்பு அங்கியைக் கழற்றியபோது

அந்த நாட்களில் சென்னையின் பெரிய தொழிற்சாலைகள் பெரம்பூரிலிருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். வேலை நேரம் நீண்டது. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட இடைவேளையோ அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடத்தான் போதும். இந்தக் குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்.

சங்கம் வைத்ததற்கு என்ன பலன் கிடைத்தது தெரியுமா? 1920-ல் மில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு, பெருந்தொகை நஷ்ட ஈடு கேட்டது. தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கூலி கேட்பதற்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அன்றைக்கு வெட்டவெளிச்சமானது. இந்த வழக்கு கிளப்பிய பேச்சுதான் பின்னர் 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது.

1921-ல் அந்த மில்களில் மறுபடியும் வேலைநிறுத்தம். மாதக் கணக்கில் நீடித்தது. தொழிலாளர்கள் சாதி அடிப்படையில் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம் என்று அந்த ஆண்டு கழிந்தது. கடைசியில் தோற்றது தொழிலாளர்கள்தான்.

அதே 1921-ல் சிங்காரவேலர் வக்கீல் தொழிலை விட்டார். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, தமது வழக்கறிஞர் அங்கியைப் பொதுக்கூட்டத்தில் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது 61. நம்மில் பலர் ஓய்வுபெற்று, காலை நடைப்பயிற்சிக்குப் போகத் தொடங்கும் வயது அது. அவர் அந்த வயதில்தான் தம்முடைய உண்மையான வேலையைத் தொடங்கினார்.

1922 டிசம்பரில் கயா காங்கிரசுக்குப் போனார். தொழிலாளர்களையும் விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளாத சுதந்திரம் பாதிச் சுதந்திரம்தான் என்பது அவர் எண்ணம். அந்த மேடையில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னாலே காவல்துறையின் கோப்பில் பெயர் ஏறிவிடும் காலம் அது.

1923 மே 1: கடற்கரையில் இரண்டு கூட்டங்கள்

மே தினத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1886 மே 1 அன்று சிகாகோ முதலிய நகரங்களில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே நடந்த மோதலும், தலைவர்கள் தூக்கிலிடப்பட்டதும் உலகத்தை உலுக்கின. 1889-ல் பாரிசில் கூடிய மாநாடு அந்த நாளைத் தொழிலாளர் நாளாக்கியது. ஒரு நாளின் 24 மணியை எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று பிரிக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இந்தியாவில் அந்த நாளைக் கொண்டாட முதலில் முன்வந்தவர் சிங்காரவேலர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அவர் தலைமை தாங்கிய மற்றொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையில். தொழிலாளர் சங்கத்துக்குத் தடை உத்தரவு வந்த அதே நீதிமன்றம், அவரே கறுப்பு அங்கி போட்டு வாதாடிய அதே நீதிமன்றம். அன்றைக்குச் செங்கொடி ஏற்றப்பட்டது. மே தினத்தை விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியும் அன்றே தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்வதற்காகத் 'தொழிலாளன்' என்ற பத்திரிகையையும் அவர் நடத்தினார்.

பழவேற்காட்டுப் பாட்டையும் இந்தக் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக நிற்கும் மீனவனுக்கு நல்ல இடம் கிடைக்காது, ஊர் கூடி முறை வைத்தால்தான் கிடைக்கும். மில் தொழிலாளிக்கும் அதே நிலைமைதான். ஆனால் ஊர்ப் பாட்டில் சாதிக்கு வெளியே இருப்பவருக்கு இடமில்லாமல் போனது. 1921-ல் மில்லிலும் சாதிதான் தொழிலாளர்களைப் பிரித்துத் தோற்கடித்தது. ஆகவேதான் சாதியை எதிர்ப்பதும் தொழிலாளர் உரிமை கேட்பதும் சிங்காரவேலருக்கு ஒரே வேலையாக இருந்தன. பிற்காலத்தில் பெரியாரோடு சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் வகுத்ததும், 'குடி அரசு' இதழில் தொடர்ந்து எழுதியதும் இதன் தொடர்ச்சிதான்.

68 வயதில் சிறை

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். உடல்நிலை காரணமாக அந்த வழக்கிலிருந்து தப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் பணியாற்றினார்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் தன் பணிமனைகளைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டது. ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ரயில்கள் நின்றன. அதை நடத்தியவர்களில் சிங்காரவேலரும் ஒருவர். வேலைநிறுத்தம் சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. சதி வழக்கில் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1930-ல் விடுதலையானபோது அவருக்கு வயது 70.

அதற்குப் பிறகாவது ஓய்வெடுத்தாரா என்றால் இல்லை. 1935-ல் 'புது உலகம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அறிவியல், பொருளாதாரம், தத்துவம் எல்லாவற்றையும் சாதாரணத் தமிழில் எழுதினார். 1946 பிப்ரவரி 11 அன்று, 86 வயது நிறைவடைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

அவர் இறந்த அதே 1946-ல், தொழிலாளர் துறை அம்பேத்கரின் பொறுப்பில் இருந்த காலத்தில், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தம் வந்தது. ஆறு நாளால் வகுத்தால் நாளுக்கு எட்டு மணி. அந்தக் கடற்கரைக் கூட்டம் நடந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பார்க்க அவர் இல்லை.

ராஜாஜி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்று சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். சான்றிதழ் வாங்க அங்கே போகும் நாம் பெயர்ப் பலகையைக் கடந்து போகிறோம். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்தும் அந்தச் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. அயோத்திக்குப்பமும் அதே கடற்கரையில்தான் இருக்கிறது.

நம் வாயிலில் எத்தனை மணி?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. அது திரும்பப் பெறப்படுவதாக மே 1 அன்று முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலரின் முதல் மே தினத்துக்குச் சரியாக 100 ஆண்டு நிறைந்த நாள் அது. நம்மில் பலர் அந்தச் செய்தியைப் படித்து, நல்லதுதான் நடந்தது என்று பேசிக்கொண்டோம்.

ஆனால் நம் வாயிலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள்? காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒருவர். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்னொருவர். 12 மணி நேரம். மாற்றுக்கு ஆள் வராவிட்டால் 24 மணி நேரமும் ஒரே ஆள்தான். இதற்குச் சட்டமன்றத்தில் யாரும் மசோதா கொண்டுவரவில்லை. மூன்று ஷிப்ட் வைத்தால் மெயின்டனன்ஸ் தொகை கூடும் என்று பொதுக்குழுவில் நாமேதான் கைதூக்கி முடிவு செய்தோம். கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

மாதா மாதம் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்துவிடுகிறோம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் பதில். ஆனால் அவர்கள் கணக்கில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டப்படுகிறதா என்று அந்த ரசீதை நாம் ஒருமுறையாவது கேட்டதுண்டா? கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. நம் இரண்டாவது வாயிலில் நிற்பவர் உட்காருவது எதன் மீது? நேரமிருந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள், ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் நாலைந்து வீடு முடிக்கும்வரை எந்தக் கழிவறையைப் பயன்படுத்துகிறார்கள்? வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும். மீனவர்களுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும்கூட அதே ஆண்டில் நலவாரியம் வந்தது. நம்மிடம் வருபவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரித்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நமக்கு அரை மணி நேரம் போதும்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று விஷயங்களை முன்வைக்க நினைக்கிறேன். முதலாவது, மூன்று ஷிப்ட் முறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதலாக எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு எல்லார் முன்பும் வைப்பது. இரண்டாவது, பணியாளர்களுக்கு முறையான நாற்காலி, குடிநீர், கழிவறை. மூன்றாவது, நலவாரியப் பதிவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம். கணக்கைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், தொகை தெரிந்தே செய்த முடிவாகவாவது அது இருக்கட்டும்.

சிங்காரவேலர் தமது அங்கியைக் கழற்றினார், சிறைக்குப் போனார். அவ்வளவு பெரிய காரியம் எதையும் யாரும் நம்மிடம் கேட்கவில்லை. மே 1 அன்று நமக்கெல்லாம் விடுமுறை. வாங்கித் தந்தவர்களின் நன்றிக்காக, அன்று காலை வாயிலுக்குப் போகும்போது அங்கே நிற்பவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று மட்டும் கேளுங்கள். பிறகு பொதுக்குழுவுக்கு வாருங்கள், பேசுவோம்.